ஐம்பது வயது டர்னருக்கு சி.என்.சி. சொல்லிக்கொடுத்தல்

வியாசர்பாடி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சிறிய பட்டறையின் மாடியில், லேத் என்னும் கடைசல் இயந்திரத்திலேயே காலத்தைக் கழித்த ஆட்களுக்கு வாரத்தில் சில மாலைகள் சி.என்.சி. டர்னிங், அதாவது கட்டளைகளை எழுதிக்கொடுத்துக் கம்ப்யூட்டர் வழியே கடைசல் செய்வதை, சொல்லிக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்களில் 45 வயதுக்குக் குறைந்தவர் அரிது. 60ஐத் தொட்டவர்களும் உண்டு. இப்படியொரு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்படும் எவரும் முதலில் கேட்பது, "அந்த வயசுல மண்டையில ஏறுமா சார்?" என்பதைத்தான். பட்டறை முதலாளிகள் கேட்கிறார்கள், வருகிறவர்களின் பிள்ளைகள் கேட்கிறார்கள், பல நேரம் வருகிறவர்களே கேட்கிறார்கள். ஏறும் என்பதுதான் என் பதில். ஏறாமல் போகும் இடங்களில் வயதைவிட வகுப்பின் அமைப்புக்கே பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன். அப்படி நினைக்கக் காரணமானவற்றைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வடசென்னைக்காரர்களுக்கு இயந்திரம் மாறுவது புதிய சேதி அல்ல. பின்னி என்று எல்லோரும் சொல்லும் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பிறக்கக் காரணமாக இருந்த ஆலை. அது 1996இல் அடியோடு மூடப்பட்டபோது, தறியையும் நூலையும் தவிர வேறொன்றும் தொட்டறியாத நடுத்தர வயது ஆட்கள் கணக்கு முடித்த பணத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் தெருவிலேயே அவர்களில் சிலர் இருந்தார்கள். காவலாளி வேலைக்குப் போனவர்களையும், வாடகை ஆட்டோ ஓட்டியவர்களையும், பெட்டிக்கடை வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வேறொரு தொழிலைப் பயின்று, ஆலையில் இருந்த அதே மதிப்போடு மீண்டும் வேலைக்குப் போன ஒருவரை நான் பார்த்ததில்லை. துறைமுகத்தில் 1983இல் சரக்குப் பெட்டக முனையம் வந்த பிறகு மூட்டை சுமந்தவர்களின் வேலை குறைந்துகொண்டே போன கதையும் ஏறக்குறைய இதுதான்.

அதே பெரம்பூர்ப் பக்கத்தில் வேறொரு கதையும் உண்டு. 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு தொடங்கிவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., சுவிட்சர்லாந்து நிறுவனமொன்றின் தொழில்நுட்பத்தில் உருவான ரயில் பெட்டிகளைப் பல பத்தாண்டுகள் செய்துவந்தது. பிறகு ஜெர்மானிய வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டிகளுக்கு மாறி, 2018 தொடக்கத்தில் பழைய வகைப் பெட்டிகளை அறவே நிறுத்தியது. பழைய பெட்டியின் எஃகு வேறு, புதிய பெட்டியின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேறு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வெப்பம் எளிதில் பரவாமல் பற்றவைத்த இடத்திலேயே தங்கும். அதோடு அது அதிகமாக விரியவும் செய்வதால், பழைய பழக்கத்தில் வெல்டிங் அடித்தால் தகடு நெளிந்துவிடும். இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே விதமாக வெல்டிங் செய்த கைகள் அங்கே புதிதாகப் பழகின. அதே ஆண்டில் வந்தே பாரத் ரயிலின் முதல் வடிவமும் அந்தத் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தது. ஆலைத் தொழிலாளியும் ஐ.சி.எஃப். தொழிலாளியும் ஒரே தெருக்களில் வளர்ந்தவர்கள். ஒரே பள்ளிகளில் படித்து, ஏறக்குறைய ஒரே வகுப்போடு நிறுத்தியவர்கள். ஒருவருடைய வேலையிடம் கற்றுக்கொடுப்பதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. அதற்கென்று பயிற்சி மையம் வைத்திருந்தது. பயிற்சி நாளுக்கும் சம்பளம் தந்தது. மற்றவருடைய வேலையிடமே இல்லாமல் போய்விட்டது. மண்டையில் ஏறுமா என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

என் வகுப்புக்கு வருகிறவர்கள் இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள். ஐந்து பேர், பத்து பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர்கள். பெரிய வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளிடமிருந்து இவர்களுக்கு ஆர்டர் வரும். ஒரே அளவில் ஆயிரம் பாகம், ஒன்றுக்கொன்று சில மைக்ரான் கூட மாறாமல் வேண்டும் என்று அந்தக் கம்பெனிகள் கேட்கத் தொடங்கியதும் பட்டறைக்கு சி.என்.சி. வந்தது, பழைய லேத் மூலைக்குப் போய், ரிப்பேர் வேலைக்கும் ஒன்றிரண்டு உருப்படிக்கும் மட்டும் என்றாயிற்று. லேத்தோடு அதை ஓட்டியவரும் மூலைக்குப் போனார்.

வயதாகும்போது மூளைக்கு என்ன ஆகிறது என்பதை உளவியலாளர்கள் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். ரேமண்ட் கேட்டல் என்பவர் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். முன்பின் அறியாத புதிரைச் சட்டென்று அவிழ்க்கும் திறன் ஒன்று. அனுபவத்தால் திரண்டு கெட்டிப்பட்ட அறிவு மற்றொன்று. முதலாவது இளமையிலேயே உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெல்ல இறங்குகிறது. இரண்டாவது முதுமை வரை தாக்குப்பிடிக்கிறது. இதைவிட எனக்குப் பிடித்தது, டிமோதி சால்ட்ஹவுஸ் 1984இல் வெளியிட்ட தட்டச்சு ஆய்வு. வயதான தட்டச்சர்களின் விரல் வேகமும் எதிர்வினை வேகமும் இளைஞர்களைவிடக் குறைவாகவே இருந்தன. ஆனால் தட்டச்சு வேகம் மட்டும் குறையவில்லை. அவர்கள் அடிக்கும் எழுத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே கண்ணை ஓடவிட்டு, வரப்போவதற்குக் கையைத் தயார்செய்துகொண்டிருந்தார்கள் என்பதே காரணமாகத் தெரிந்தது. லேத்தில் நிற்கும் மூத்த டர்னரைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. டூல் தேய்ந்திருப்பது அளவில் தெரிவதற்கு முன்பே அவருக்குச் சத்தத்தில் தெரிந்துவிடும். வெட்டுப்படும் உலோகச் சுருள் நீலம் பாய்ந்து வருவதைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார்.

ஆகவே பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் கேள்வி. பெரும்பாலான பயிற்சி மையங்களில் இயந்திரத்துக்கான கட்டளைகளான ஜி கோடு, எம் கோடு பட்டியலைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். ஜி00 என்றால் வெட்டாமல் வேகமாக நகர்வது, ஜி01 என்றால் சொன்ன வேகத்தில் நகர்ந்து நேர்கோட்டில் வெட்டுவது, எம்03 என்றால் உருப்படியைச் சுழற்றும் ஸ்பிண்டில் சுற்றத் தொடங்குவது, எம்30 என்றால் புரோகிராம் முடிவது என்று வரிசையாகப் போகும். ஐ.டி.ஐ. முடித்த 20 வயதுப் பையனுக்கு இது ஒத்துவரும். அண்மைக்காலம் வரை பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவன் அவன். 52 வயதுக்காரருக்கோ இது கேட்டலின் முதல் வகைத் திறனை மட்டுமே நம்பிய பாடம். அவர் எதில் வலுவாக இருக்கிறாரோ அதைத் தொடவே இல்லை.

நான் ஃபேசிங்கிலிருந்து, அதாவது முகப்பை வெட்டிச் சமன் செய்வதிலிருந்து, தொடங்குகிறேன். உருண்டைக் கம்பியின் முகத்தை வெளி விளிம்பிலிருந்து நடுவுக்கு வெட்டிக்கொண்டு போனால், விளிம்பில் கண்ணாடி போல வரும் ஃபினிஷ், நடுவை நெருங்க நெருங்கச் சொரசொரப்பாகிவிடும். "ஏன் அப்படி?" என்று கேட்பேன். லேத்காரர் எவருக்கும் பதில் தெரியும். நடுவில் விட்டம் குறைந்துவிடுகிறது, சுற்று மட்டும் அதேதான், அதனால் வெட்டும் வேகம் போதவில்லை. "அப்ப என்ன செய்யணும்?" என்றால், "விட்டம் குறையக் குறைய சுற்றை ஏத்தணும், ஆனா லேத்துல வெட்டிக்கிட்டே கியர் மாத்த முடியாதே" என்பார்கள். அப்போதுதான் கரும்பலகையில் ஜி96 என்று எழுதுவேன். நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகம் என்று அதில் சொல்லிவிட்டால், விட்டம் 100 மி.மீ. இருக்கும் இடத்தில் இயந்திரம் தானாகவே சுமார் 318 சுற்றில் ஓடும், 50 மி.மீ.க்கு வரும்போது 637 ஆகும், 25 மி.மீ.க்கு வந்தால் 1,273 ஆகும். அடுத்த கேள்வியை அவர்களே கேட்டுவிடுவார்கள்: "நட்ட நடுவுல விட்டம் பூஜ்யம் ஆச்சுன்னா இன்னா சார் ஆவும், சக் பிச்சிக்கினு போயிடாதா?" அதற்காகத்தான் சுற்று வேகத்துக்கு ஜி50 என்று உச்சவரம்பு வைக்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கும். இந்தக் கேள்வியை இளைஞர்கள் வகுப்பில் நான் அதிகம் கேட்டதில்லை. அவர்கள் ஜி50ஐ வரிசையில் வரும் இன்னொரு கோடாக மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுகிறார்கள்.

பேக்லாஷ் இன்னொரு நல்ல வாசல். பழைய லேத்தில் கைப்பிடியைத் திருப்பும்போது திருகுக்கும் நட்டுக்கும் நடுவே கொஞ்சம் தளர்வு இருக்கும். அளவு தவறாமல் இருக்க ஒரு சுற்றுப் பின்னால் போய், பிறகு முன்னால் வந்து டயலை நிறுத்துவது டர்னரின் கையில் ஊறிய பழக்கம். சி.என்.சி.யில் அந்தத் தளர்வு எங்கே போயிற்று என்று தெரியாதவரை அவர் திரையில் தெரியும் எண்ணை நம்பமாட்டார். திருகுக்கும் நட்டுக்கும் நடுவே குண்டுகள் உருளும் பால் ஸ்குரூவைக் கழற்றிய நிலையில் கையில் கொடுத்து உருட்டிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் பலருக்கு இயந்திரத்தின் மேல் நம்பிக்கை வந்தது. இதுவும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஏன் என்று தெரியாமல் ஒன்றைச் செய்ய இளைஞன் சம்மதிப்பான்; முப்பது ஆண்டு வேலை செய்தவர் சம்மதிப்பதில்லை. அதை மந்தம் என்று எழுதிக்கொள்ளும் பயிற்றுநர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

சொல்லிக் கேட்க வைப்பதைவிடத் தானே செய்து கண்டுபிடிக்க விடுவது மூத்தவர்களுக்குப் பொருந்தும் என்பதை பிரிட்டனில் மெரடித் பெல்பின், யூனிஸ் பெல்பின் தம்பதியர் 1960களிலேயே நடைமுறையில் காட்டியிருக்கிறார்கள். அந்த முறையில் அவசரம் கூடாது, மனப்பாடம் கூடாது, மற்றவரோடு போட்டி கூடாது. நான் படித்துத் தெரிந்துகொண்ட பாடம் இது. ஆனால் நல்ல மேஸ்திரிகள் எவரும் படிக்காமலே இப்படித்தான் தொழில் சொல்லிக்கொடுத்தார்கள்.

பயம் வேறு விஷயம். சி.என்.சி. முன்னால் தயங்கும் மூத்தவரைப் பார்த்து, அவர் கம்ப்யூட்டருக்குப் பயப்படுகிறார் என்று நினைப்பது பெரும்பாலும் தவறு. அதே மனிதர் கைபேசியில் பணம் அனுப்புகிறார், பேத்திக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார். அவர் பயப்படுவது அந்த இயந்திரத்தின் விலைக்கு. ஒரு எண் தவறிப்போய் ஜி00 வேகத்தில், டூல்களைத் தாங்கிய டரட் போய், உருப்படியைப் பிடித்திருக்கும் சக்கில் மோதினால், அந்தச் செலவு தன் பல மாதச் சம்பளம் என்பது அவருக்குத் தெரியும். சிங்கிள் பிளாக் போட்டு ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் ஓடவிடுவது, நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்டு பொத்தானின் மேலேயே விரலை வைத்துக்கொள்வது, உருப்படி மாட்டாமல் வெறும் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது ஆகிய மூன்றையும் முதல் நாளே பழக்கிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடுகிறது.

வெட்கம் அவ்வளவு எளிதில் போவதில்லை. பட்டறையில் இத்தனை நாள் "அண்ணே" என்று கூப்பிட்ட பையனே சி.என்.சி. ஆபரேட்டராக நிற்கும்போது, அவனிடம் போய் "தம்பி, இந்த ஆஃப்செட் எப்படிப் போடறது?" என்று கேட்க எல்லோருக்கும் மனம் வருவதில்லை. மூத்தவர்களுக்கென்று தனி வகுப்பு வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். கலந்து உட்காரவைத்தால் இளைஞன் முதலில் பதில் சொல்லிவிடுவான்; மூத்தவர் அதன் பிறகு வாயைத் திறக்கமாட்டார். தனியாக இருக்கும்போது, பத்தாம் வகுப்பைத் தாண்டாத எட்டுப் பேர் சைன், காஸ் பற்றிச் சத்தம் போட்டு விவாதிப்பதைப் பார்க்கலாம். கூம்பாகக் கடையும் டேப்பர் டர்னிங்குக்குக் கோணம் வைத்துப் பழகியவர்களுக்கு டேன் என்பதன் பொருள் ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது.

கண் இன்னொன்று. 40க்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் பொதுவானது. லேத்தில் டயலை அவர் கையாலும் பழக்கத்தாலும் படித்துவிடுவார். திரையில் தெரிவது மூன்றா ஐந்தா எட்டா என்று தெரியாமல் கண்ணைச் சுருக்குவார், வெளியே சொல்லமாட்டார். சேரும்போதே கண் பரிசோதனைக்குப் போய்வரச் சொல்கிறேன். கற்றல் குறைபாடு என்று தோன்றியவற்றில் சில, கண்ணாடி போட்டதும் காணாமல் போயின.

முதலாளிகள் சொல்லும் ஒரு நியாயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 58 வயதில் போகப்போகிறவருக்கு எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பார்கள். அந்த 58 பெரிய தொழிற்சாலைக் கணக்கு. பி.எஃப். ஓய்வூதியம் 58இல் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் அதன் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். வியாசர்பாடியில் வாடகை கொடுப்பவர் அதை நம்பி வீட்டில் உட்கார முடியாது. உடம்பு விடும்வரை வேலை செய்யத்தான் போகிறார். மறுபக்கம், இந்த முதலாளிகள் செலவு செய்து பழக்கும் இளைஞர்கள், கை பழகியதும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கூடுதல் சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள். அதில் தவறும் இல்லை. வீடும் பிள்ளைகளின் பள்ளியும் இங்கேயே இருக்கும் 50 வயதுக்காரர் எங்கும் போகமாட்டார். எட்டு ஆண்டு நிலைத்து நிற்பவருக்குச் செலவு செய்வதா, எட்டு மாதத்தில் போய்விடுகிறவருக்குச் செய்வதா என்று கணக்குப் போட்டுப் பார்த்த ஒரு முதலாளி, இப்போது தன் ஆட்களை வாரம் ஒரு நாள் மதியத்துக்கு மேல் சம்பளத்தோடு அனுப்புகிறார். மற்றவர்களுடைய ஆட்கள் ஓவர்டைமை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. மாதக் கடைசியில் வருகை குறைவதற்கு அதுவே காரணம்; ஆர்வக் குறைவு என்று எழுதிவைப்பது அநியாயம்.

அரசுத் திட்டங்களின் வயது வரம்புகளைப் பார்த்தால், இந்த ஆட்களை யாரும் மனத்தில் வைத்துத் திட்டமிடவில்லை என்று தோன்றும். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்களுக்கு 40 வயது வரைதான் இடம். பெண்களுக்கு உச்ச வயது இல்லை என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பகல் முழுக்க வகுப்பு என்றால், ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் 48 வயதுப் பெண் எப்படிப் போவார் என்பது வேறு கேள்வி. மத்திய அரசின் பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் திட்டத்தில் குறுகியகாலப் பயிற்சி 45 வயதோடு நின்றுவிடுகிறது. ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு மட்டும் 59 வரை போகிறது. அதாவது 45க்கு மேல் நீங்கள் தெரிந்ததை நிரூபிக்கலாம், புதிதாகக் கற்கமுடியாது. தமிழ்நாடு அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிறைந்தவர்களுக்கே என்று கீழ்வரம்பு வைத்தது. மூத்த கைகளைக் கணக்கில் எடுத்த அரிய வரம்பு இது என்றாலும், அது சொந்தமாகக் கைத்தொழில் செய்பவர்களுக்கானது, கூலிக்கு லேத் ஓட்டுபவருக்கு அல்ல. சிங்கப்பூரில் 40 வயதைத் தொட்ட குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பயிற்சிக்கென்றே 4,000 வெள்ளியை 2024இல் அவர்கள் கணக்கில் வைத்தார்கள். அது செல்வந்த நாடு, ஒப்பிடக்கூடாது என்பார்கள். தொகையை ஒப்பிடவேண்டாம், 40 என்ற எண் அங்கே தொடக்கமாகவும் இங்கே முடிவாகவும் இருப்பதை ஒப்பிடலாம்.

இருக்கும் வழிகளில் எங்கள் ஆட்களுக்கு உண்மையாகவே பயன்படுவது, அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. 21 வயது நிறைந்து, அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் இருந்தால், ஐ.டி.ஐ.யில் படிக்காமலேயே விண்ணப்பிக்கலாம்; வென்றால் கிடைப்பது ஐ.டி.ஐ. முடித்தவர் பெறும் அதே தேசிய தொழிற்சான்றிதழ். டர்னர் தொழிலில் செய்முறைத் தேர்வு இவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. எழுத்துத் தேர்வுக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டு அனுபவத்துக்குச் சான்று கேட்கிறார்கள். முப்பது ஆண்டு வேலை செய்தவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. வேலையில் சேர்த்த கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, பி.எஃப். எண் இல்லை; வேலை செய்த பட்டறைகளில் பாதி இப்போது இல்லை. இன்னும் இயங்கும் பட்டறைகளின் முதலாளிகளோ, எழுதிக் கொடுத்தால் பழைய பாக்கி ஏதாவது கேட்டு வழக்குப் போடுவாரோ என்று தயங்குகிறார்கள். தொழிற்பேட்டைச் சங்கத்தினரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இன்ன இயந்திரத்தில் வேலை செய்தார் என்று மட்டும் சொல்லும் ஒரே மாதிரிக் கடிதத்தைச் சங்கமே அச்சிட்டுக் கொடுத்தால், முதலாளிகள் கையெழுத்துப் போடுவதற்கு அஞ்சமாட்டார்கள் என்பது என் எண்ணம். வடிவத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.